ஐந்து வாரமாகியும் சால்டரிங்குக்கு வரவில்லை: ஸ்டெயின்ட் கிளாஸ் வகுப்பில் நான் பின்தங்கிவிட்டேனா?

கேள்வி இதுதான். நியூ ஜெர்சியில் எட்டு வார ஸ்டெயின்ட் கிளாஸ் (வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் செய்யும் படம்) வகுப்பு, வாரத்தில் ஒரு மாலை, இரண்டரை மணி நேரம். ஐந்து வாரம் முடிந்துவிட்டது. கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சால்டரிங் (துண்டுகளை உருகிய உலோகத்தால் பற்றவைப்பது) தொடங்கிவிட்டார்கள். ஒருவர் முடித்து வீட்டு ஜன்னலில் மாட்டிப் படமும் அனுப்பிவிட்டார். கேட்பவர் முப்பது துண்டுக்குக் கொஞ்சம் மேலே வரும் ஒரு ஹம்மிங்பேர்ட் (நீள அலகுள்ள சின்னப் பறவை) பேட்டர்னை எடுத்துக்கொண்டு இன்னும் கிரைண்டர் (கண்ணாடி விளிம்பைத் தேய்க்கும் கருவி) முன்னால் நிற்கிறார். “எனக்குக் கை வரவில்லையா? சின்னதாக வேறு பேட்டர்னுக்கு மாறிவிடட்டுமா?” என்கிறார்.

மாற வேண்டாம். யார் எந்த மேசைக்குப் போய்விட்டார் என்பதை வைத்து இந்த வகுப்பில் முன்னால் பின்னால் சொல்ல முடியாது. வெட்டிய துண்டுகளைப் பேட்டர்ன் தாள்மேல் அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். சில ஆண்டுகளாக இப்படியொரு வகுப்பில் ஆசிரியருக்குக் கைத்துணையாக இருக்கிறேன். பாதி வகுப்பு கடந்தால் யாராவது ஒருவர், கிளம்பும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு இதே கேள்வியைக் கேட்பார். பெரும்பாலும் அவருடைய துண்டுகள்தான் அந்த வகுப்பிலேயே ஒழுங்காகப் பொருந்தியிருக்கும்.

முதலில் பேட்டர்னைப் பார்ப்போம். எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்திருந்தால் வேகத்தை ஒப்பிடலாம். இங்கே ஒருவர் எட்டுத் துண்டில் ஒரு துலிப் பூ செய்கிறார், இன்னொருவர் சதுரமும் முக்கோணமுமாக ஒரு பேனல் செய்கிறார், நீங்கள் பறவை செய்கிறீர்கள். துண்டுகளின் எண்ணிக்கை பாதிக் கதைதான்; மீதி அவற்றின் வடிவத்தில் இருக்கிறது. துலிப் இதழ் முழுக்க வெளிவளைவு. கண்ணாடிக்கு வெளிவளைவு ஒத்துவரும்: கீறினால் உடையும், மிச்சம் மீதியைக் குரோசர் பிளையரால் கடித்து எடுத்துவிடலாம். பறவை அப்படியில்லை. கழுத்துக்கும் இறக்கைக்கும் நடுவே, இறக்கைக்கும் வாலுக்கும் நடுவே, பின்னணித் துண்டுகளில் எல்லாம் உள்வளைவு. கண்ணாடியில் விரிசல் நேராக ஓடத்தான் பார்க்கும். உள்ளே குழிந்த கோட்டில் அதைத் திருப்புவது இந்தக் கலையிலேயே முதல் கஷ்டம். அதை முதல் வேலையிலேயே எடுத்திருக்கிறீர்கள். பேட்டர்ன் புத்தகத்தில் பறவை அழகாக இருக்கும். அதை வெட்ட எவ்வளவு பாடு என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்காது.

அப்புறம், சதுரமும் முக்கோணமும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்ட சுலபம், பொருத்தத்தான் கஷ்டம். பறவையின் இறக்கை அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. கட்டம் கட்டமான பேனலில் ஒரு கோடு நகர்ந்தால் அறைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் அதுதான் படும். எங்கள் வகுப்பில் கணக்குப் போட்டு வேலை செய்யும் பொறியாளர்கள் பெரும்பாலும் கட்டம்தான் தேர்ந்தெடுப்பார்கள். கடைசி வாரத்தில் நான்கு மூலையும் செங்கோணமாக வராமல் ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான்.

சரி, வெட்டுவது. ஐந்து வாரமாக நீங்கள் உண்மையில் கற்றுக்கொண்டது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை. சின்ன கார்பைடு சக்கரம் மேற்பரப்பில் ஒரு கீறல் போடுகிறது, அவ்வளவுதான். அந்தக் கீறலின் வழியே விரிசல் ஓட நாம் பிறகு அழுத்தம் கொடுக்கிறோம். அதனால் கீறலின் தரம்தான் எல்லாம். விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே அழுத்தத்தில், நடுவில் நிற்காமல், ஒரே ஒரு தடவை. போட்ட கீறலின்மேல் திரும்பப் போனால் விரிசல் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தறிகெட்டுப் போகும், சக்கரமும் மழுங்கும். சரியான அழுத்தத்தில் கீறும்போது புதுத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம் வரும். பால் போல மங்கலான ஓபலசென்ட் கண்ணாடியில் அதுவும் சரியாகக் கேட்காது. கையை மட்டும் நம்ப வேண்டியதுதான். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தேவைக்கு மேல் அழுத்துவார்கள். கீறல் வெள்ளையாக, பொடி பறந்து, பளிச்சென்று தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். நல்ல கீறலைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும்.

உங்கள் கீறல் இப்போது எப்படித் தெரிகிறது? முதல் வாரத்தில் ஜன்னல் கண்ணாடியில் போட்ட நேர்க்கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னேற்றம் அங்கே இருக்கிறது.

உள்வளைவுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஆசிரியர் காட்டியிருப்பார், ஆனால் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற வழி இது. முதலில் உண்மையான வளைவை முழுதாகக் கீறிவிடுங்கள், உடைக்காதீர்கள். அதற்கு வெளியே, வீணாகப் போகிற பக்கத்தில், ஆழம் குறைந்த இரண்டு மூன்று வளைவுகளைப் பிறை பிறையாகக் கீறுங்கள். வெளியே இருக்கும் பிறையை முதலில் எடுங்கள், அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் உண்மையான கோட்டுக்கு வரும்போது எடுக்க வேண்டியது மெல்லிய ஒரு கீற்றுதான். பிளையரால் இழுக்கும்போது முறுக்கக் கூடாது. இதில் நேரம் போகும். ஆனால் ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்து, விரிசல் குறுக்கே ஓடி, அதே கண்ணாடியில் புதுத் துண்டு வெட்டுவதற்கு இது தேவலை. அதிலும் பின்னணிக்கு நீங்கள் எடுத்திருப்பது ரேகை ஓடும் கண்ணாடியாக இருந்தால், அதே ரேகை அமையும் இன்னொரு இடம் அந்தத் தகட்டில் கிடைக்காமல்கூடப் போகலாம்.

அந்த அலகு விஷயம். ஹம்மிங்பேர்ட் அலகைப் பல பேட்டர்னில் நீளமான ஒரு கண்ணாடிச் சிம்பாக வரைந்திருப்பார்கள். விரலளவு நீளம், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். அதை வெட்டும்போது உடையும், கிரைண்டரில் உடையும், எல்லாம் தப்பித்தால் சால்டர் சூட்டில் விரிசல் விடும். தப்பித் தவறி முழுதாக வந்தாலும் இரண்டு பக்கமும் ஃபாயில் (விளிம்பில் சுற்றி ஒட்டும் செம்பு நாடா) மடிந்த பிறகு நடுவே கண்ணாடி தெரியப்போவது இல்லை. உங்கள் பேட்டர்னிலும் அப்படியிருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். பின்னணித் துண்டு இரண்டையும் நெருக்கி அந்தக் கோட்டையே அலகாக்கலாம். பறவை பின்னணி இல்லாமல் தனியாகத் தொங்குவதாக இருந்தால் தடித்த செம்புக் கம்பியில் ஃபிளக்ஸ் (சால்டர் செம்பில் பிடிக்கத் தடவும் பூச்சு) தடவி, சால்டர் பூசி, தலையில் பற்றவைத்துவிடலாம். அனுபவக்காரர்கள் பெரும்பாலும் கம்பிதான் வைப்பார்கள். இதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

கிரைண்டருக்கு வருகிறேன். அங்கே நீங்கள் நிற்பதற்குப் பாதிக் காரணம் வரிசையாகத்தான் இருக்கும். பத்துப் பேருக்கு இரண்டு கிரைண்டர் என்றால், உங்கள் வேகத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை. ஆனால் மீதிப் பாதியைக் கவனியுங்கள்: கிரைண்டரை வெட்டும் கருவியாகப் பயன்படுத்துகிறீர்களா? கோட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தை வைர முனையில் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தால் அது முடிகிற வேலையே இல்லை. கோட்டின் உள் விளிம்பிலேயே வெட்டப் பழகினால், கிரைண்டரில் விளிம்பை லேசாக ஒரு சுற்று விட்டால் போதும். ஃபாயில் ஒட்டிக்கொள்வதற்கான சொரசொரப்பு மட்டும்தான் அங்கே வேண்டியது. இன்னொன்று: மார்க்கர் கோடு கிரைண்டர் தண்ணீரில் அழிந்துவிடுகிறது, பிறகு குத்துமதிப்பாகத் தேய்க்கிறோம். கோட்டின்மேல் கொஞ்சம் வாசலீன் தடவிவிட்டால் அழியாது. ஸ்பாஞ்ச் எப்போதும் ஈரமாக இருக்கட்டும்; காய்ந்த கண்ணாடிப் பொடி நெஞ்சுக்குள் போகக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடவே வேண்டாம்.

இப்போது அந்தச் சோதனை. பேட்டர்னின் இன்னொரு நகலை ஒரு பலகையில் ஒட்டுங்கள். சுற்றிலும் வெளிக்கோட்டை ஒட்டி மரச்சட்டமோ குண்டூசியோ அடித்து, துண்டுகள் வெளியே நகராதபடி வேலி போடுங்கள். துண்டுகளை உள்ளே அடுக்குங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எல்லாத் துண்டும் வேலிக்குள் அடங்குகிறதா? துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பேட்டர்ன் கோடு மெல்லியதாகத் தெரிகிறதா? எங்காவது ஒரு துண்டு இன்னொன்றின்மேல் ஏறி நிற்கிறதா? ஒவ்வொரு துண்டும் அரை மில்லிமீட்டர்தான் பெரியது என்று வையுங்கள். குறுக்கே எட்டுத் துண்டு வந்தால் நான்கு மில்லிமீட்டர் கூடிவிட்டது. இன்னும் ஃபாயில்கூடச் சுற்றவில்லை. வகுப்பில் பாதிப் பேனல்கள் பேட்டர்னைவிடப் பெரியதாக வருவது இப்படித்தான். செம்பு ஃபாயில் வேலைக்கான பேட்டர்ன் கத்தரிக்கோல் தாளை வெட்டும்போதே இடையில் ஒரு இழையை எடுத்துவிடுவது இதற்காகத்தான். சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தால் அந்த இடைவெளியை நீங்களே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் பரவாயில்லை. ஒரு பத்துக் காசு டைம் நாணயத்தைச் செங்குத்தாக நுழைக்க முடிந்தால் அந்தத் துண்டைத் திரும்ப வெட்டுங்கள். இது என் அளவுகோல். உங்கள் ஆசிரியர் இன்னும் கறாராகச் சொன்னால் அவரையே கேளுங்கள்.

இந்தச் சோதனையில் உங்கள் பறவை தேறிவிட்டால், சால்டர் மேசையில் நிற்கும் பாதிப் பேரைவிட நீங்கள் முடிவுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். காரணம் சொல்கிறேன். பெரும்பாலான வகுப்பில் கொடுப்பது 60/40 சால்டர்: அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். சுமார் 190 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகிவிடும். உருகினால் தண்ணீர் மாதிரி ஓடும். துண்டுகள் நெருக்கமாக இருந்தால் செம்பைப் பிடித்துக்கொண்டு மேலே உருண்டு நிற்கும். இடைவெளி இருந்தால் அடியில் ஒழுகி மேசைமேல் சொட்டும். அவசரமாகச் சால்டர் மேசைக்கு வந்தவர் மேலும் சால்டர் ஊற்றுவார், அதுவும் ஒழுகும். திருப்பிப் போட்டால் பின்பக்கம் முழுக்கக் கட்டி கட்டியாக இருக்கும். அதை உருக்கினால் முன்பக்கம் ஒழுகும். இதற்குள் ஒரே இடத்தில் சூட்டை வைத்துக்கொண்டே இருந்ததில் ஒரு துண்டு விரிசல் விட்டுவிடும். நான்காவது வாரத்தில் சால்டரிங் தொடங்கியவர் ஏழாவது வாரத்திலும் அதே மேசையில் நிற்பது இதனால்தான். (அவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. இடைவெளியில் செம்புக் கம்பித் துணுக்கை வைத்து அடைத்து, அடியில் டேப் ஒட்டி, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்தால் சரியாகும். கோடு மட்டும் தடிமனாகத் தெரியும்.)

இதெல்லாம் ஒரே ஆள் செய்ய வேண்டிய வேலையாக இருப்பதுதான் உண்மையான சிக்கல் என்று எனக்குத் தோன்றும். செம்பு ஃபாயில் முறையைப் பெரிய அளவில் பரப்பிய நியூயார்க் டிஃபனி பட்டறையில் ஒருவரே எல்லாம் செய்ததில்லை. 1890களில் அங்கே பெண்களுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி வெட்டும் பிரிவு இருந்தது. கிளாரா டிரிஸ்கால் அதன் தலைவி. கண்ணாடித் தகட்டில் எந்த இடம் எந்த இதழுக்கு என்று தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, ஃபாயில் சுற்றுவது அவர்கள் வேலை. சால்டரிங் ஆண்கள் பிரிவில் நடந்தது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் துண்டு கொண்ட விஸ்டீரியா விளக்கை வடிவமைத்தவர் டிரிஸ்கால். அவருடைய தும்பி விளக்கு 1900 பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கியது. ஆனால் இந்த விளக்குகள் நூறாண்டுக்கு மேல் பட்டறை உரிமையாளர் லூயிஸ் டிஃபனியின் கைவண்ணம் என்றே பேசப்பட்டன. டிரிஸ்கால் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆராய்ச்சியாளர்கள் கையில் கிடைத்த பிறகு, 2007-இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் நடத்திய கண்காட்சியில்தான் அவர் பெயர் வெளியே வந்தது. சரி, கதை எங்கேயோ போகிறது. நான் சொல்ல வந்தது, நல்ல கண்ணாடி தேர்ந்தெடுப்பவருக்கு நல்ல சால்டர் கை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வகுப்பில் எல்லோருக்கும் ஒரு கட்டம் வேகமாகவும் ஒரு கட்டம் மெதுவாகவும் போகும். உங்களுக்கு வெட்டு மெதுவாகப் போகிறது. ஃபாயில் எப்படிப் போகும் என்று இனிமேல்தான் தெரியும்.

நியூ ஜெர்சியிலிருந்து அந்த வரலாற்றுச் சங்கம் பக்கம்தான். மன்ஹாட்டனில் சென்ட்ரல் பார்க் மேற்கில் இருக்கிறது. 2017-இல் திறந்த டிஃபனி காட்சிக்கூடத்தில் நூறு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். நிறத்தைப் பார்த்து மயங்கி நின்றது போதும் என்று தோன்றியதும், பக்கத்தில் போய்க் கோடுகளை மட்டும் பாருங்கள். இதழுக்கு இதழ் கோட்டின் தடிமன் மாறுவது தெரியும்.

அடுத்து, மிச்சமிருக்கும் மூன்று வாரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது. ஃபாயில் சுற்றுவதை வகுப்பில் செய்யாதீர்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அது வெறும் செம்பு நாடா, ஈயம் கிடையாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுற்றலாம். வகுப்பு நேரம் கிரைண்டருக்கும் சால்டருக்கும் மட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே உங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகும்.

சுற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கிரைண்டர் பொடியும் கட்டர் எண்ணெயும் இருந்தால் ஃபாயில் அன்றைக்கு ஒட்டும், சால்டர் சூடு பட்டதும் கழன்று வரும். சாதாரண 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 7/32 அங்குல ஃபாயில் சரியாக இருக்கும். விளிம்பு நடுவில் அமர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மடியும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் மடிந்தால் உங்கள் சால்டர் கோடும் அப்படியேதான் வரும், ஏனென்றால் சால்டர் செம்பின்மேல் மட்டும்தான் பிடிக்கும். கோணலாகப் போனதைக் கூர்மையான கத்தியால் சீவிவிடலாம். தொடங்கிய இடத்தையும் முடிக்கும் இடத்தையும் அரை சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, அந்த இணைப்பு பேனலின் வெளி விளிம்பில் வராமல் உள்ளே போகும்படி வையுங்கள். பிறகு பிளாஸ்டிக் குச்சியால் நன்றாகத் தேய்த்துப் படியவிட வேண்டும். உள்வளைவில் ஃபாயில் கிழியும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மடியுங்கள்.

ஃபாயிலின் உள்பக்க நிறம் என்று ஒன்று இருக்கிறது. செம்பு, வெள்ளி, கறுப்பு என மூன்று வகை வரும். உங்கள் பின்னணி ஊடுருவித் தெரியும் கண்ணாடி என்றால், பக்கவாட்டில் பார்க்கும்போது ஃபாயிலின் உள்பக்கம் விளிம்பில் தெரியும். கடைசியில் கறுப்புப் பாட்டினா (சால்டர் கோட்டின் நிறத்தை மாற்றும் திரவம்) போடப்போகிறீர்கள் என்றால் கறுப்பு உள்பக்கம் வாங்குங்கள். ஓபலசென்ட் துண்டுகளுக்கு எது இருந்தாலும் தெரியாது.

ஃபாயில் சுற்றிய துண்டுகளை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. செம்பு கறுத்துவிட்டால் சால்டர் பிடிக்காது. ஒரு வாரம் தாங்கும். காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு வையுங்கள். கறுத்துப் போனால் மெல்லிய இரும்புப் பஞ்சால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

சால்டரிங்கை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், இப்போதைக்கு. ஈயம் உருகும் சூட்டில் ஆவியாகி மூக்கில் ஏறும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அந்தச் சூட்டில் ஈய ஆவி பெரிதாக வராது. நீங்கள் பார்க்கும் புகை ஃபிளக்ஸ் புகை. அதுவும் நல்லதல்ல, காற்றோட்டம் வேண்டும். ஈயத்தால் வருகிற ஆபத்து பெரும்பாலும் கைவழியாகத்தான்: சால்டர் கம்பியைத் தொட்ட விரலால் பிஸ்கெட் எடுப்பது, மேசையில் படிந்த பொடி துணியில் ஒட்டி வீட்டுக்கு வருவது. வகுப்பில் தின்பண்டம் வேண்டாம் என்று ஆசிரியர் சொல்வது கண்டிப்புக்காக அல்ல. கை கழுவிவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலோ, நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஈயமில்லாத சால்டர் கேளுங்கள். விலை அதிகம், கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும், ஆனால் வேலை நடக்கும்.

ஏழாவது வாரம் நீங்கள் சால்டர் மேசைக்கு வந்துவிடலாம். முதலில் துண்டுகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் ஒவ்வொரு பொட்டு வைத்து எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துங்கள். பிறகு வேலியை எடுத்துவிட்டு, எல்லாக் கோட்டிலும் தட்டையாக ஒரு பூச்சு. கடைசியில்தான் உருண்ட கோடு. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் மேடு பள்ளம் வருகிறது. ஒரு கோட்டை முடித்ததும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போங்கள். முதல் கோடு ஆறட்டும். சால்டரிங் இரும்பை (சூடான முனையுள்ள பற்றவைக்கும் கருவியை) இழுக்கும் வேகம் சீராக இருந்தால் சால்டர் தானாகவே உருண்டு நிற்கும். மேடு வந்த இடத்தை நோண்டிக்கொண்டே இருக்காதீர்கள்: கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, சூடான முனையை மேலிருந்து தொட்டு, நேராகத் தூக்கிவிடுங்கள். முனை கறுத்துப் போயிருந்தால் எவ்வளவு கை இருந்தும் பயனில்லை. ஈர ஸ்பாஞ்சில் துடைத்துக்கொண்டே செய்யுங்கள். வகுப்பு இரும்பை எல்லோரும் பிடிக்கிறார்கள், முனையை யாரும் துடைப்பதில்லை.

எட்டாவது வாரம் சுத்தம் செய்வதும் பாட்டினாவும். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபிளக்ஸை முழுக்கக் கழுவ வேண்டும், பாட்டினா போடும்போது கையுறை போட வேண்டும், காய்ந்தபின் மெழுகுப் பாலிஷ் போட வேண்டும். பாட்டினா கட்டாயமுமில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் சால்டரின் வெள்ளி நிறமே பிடிக்கும், பறவைக்கு நன்றாகவும் இருக்கும்.

முடித்துவிட்டால் அடுத்து என்ன என்றும் கேட்டிருந்தீர்கள்; விளக்கு நிழற்குடை செய்ய ஆசை என்று. ஒரு வருஷம் பொறுங்கள். தட்டையான பேனலில் சால்டர் மேசைமேல் சமமாகக் கிடக்கிறது. குடையில் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும், உருகிய சால்டர் கீழ்நோக்கி ஓடும். செய்கிற பகுதி எப்போதும் சமமாக இருக்கும்படி குடையைச் சாய்த்துச் சாய்த்து, அண்டை கொடுத்துச் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் மூடியுள்ள ஒரு சின்னப் பெட்டி செய்து பாருங்கள். செங்கோணமும் விளிம்புச் சால்டரும் அதில் பழகிவிடும். ஈயச் சட்டத்தில் பொருத்தும் பழைய தேவாலய முறை கற்றுத் தருகிற வகுப்பு கிடைத்தால் அதையும் விடாதீர்கள். அங்கே ஃபாயில் கிடையாது, கிரைண்டருக்கும் அதிக வேலையில்லை. ஈயத்தின் விளிம்பு சின்னச் சின்னக் கோணலை மூடிவிடும். உங்களைப் போல வெட்டில் பொறுமை உள்ளவர்களுக்கு அது இதைவிடப் பிடித்துப்போகலாம்.

கடைசியாக, கொக்கி. வகுப்பு முடியும் அவசரத்தில் எல்லோரும் தப்பாகச் செய்வது இதைத்தான். வெளி விளிம்பில் ஒரே ஒரு துண்டின் ஃபாயில்மேல் கொக்கியைப் பற்றவைத்தால், மொத்த எடையும் அந்தச் செம்பு நாடாவின் பசையில் தொங்கும்; ஒரு கோடைகாலம் தாங்குவதே பெரிது. இரண்டு துண்டு சந்திக்கும் கோடு விளிம்பை வந்து தொடும் இடத்தில், கொக்கிக் கம்பியின் வால் அந்தக் கோட்டுக்குள் கொஞ்ச தூரம் இறங்கும்படி வையுங்கள். பறவையாக இருப்பதால் எடை ஒரு பக்கம் சாயும். பற்றவைப்பதற்கு முன்னால் இரண்டு விரலால் கொக்கி வரும் இடத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று. தலை கீழே போனால் கொக்கியைக் கொஞ்சம் முன்னால், தலைப் பக்கம் நகர்த்துங்கள்.